முழங்கால் மூட்டுத் தளர்வு

முழங்கால் மூட்டுத் தளர்வு என்பது, முழங்காலைச் சுற்றியுள்ள மென்திசுக்கள் வெளிவிசைக்கு எந்த அளவு இடங்கொடுக்கின்றன என்பதைக் குறிக்கும் சொல் ஆகும். தசைநார்கள், மூட்டுறை, பிறைக் குருத்தெலும்புகள், தசைநாண்கள் ஆகியவை இங்கு மென்திசுக்கள் எனப்படுகின்றன. ஓரளவு தளர்வு எல்லா முழங்கால்களிலும் உண்டு. அது இல்லாவிடில் மூட்டு மடங்கவோ திரும்பவோ இயலாது. தளர்வு இயல்பான அளவை மீறும்போது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. நாளடைவில் குருத்தெலும்பு சேதமடைந்து மூட்டுத் தேய்மானம் ஏற்படவும் கூடும்.

தளர்வும் நிலையின்மையும் ஒன்றல்ல. தளர்வு என்பது மருத்துவர் ஒருவர் மூட்டை அசைத்து அளந்தறியக்கூடிய பண்பு. நிலையின்மை என்பது நடக்கும்போதோ திரும்பும்போதோ முழங்கால் நழுவுவதாக ஒருவர் தாமே உணரும் குறை. தளர்வு மிகுந்த முழங்காலுடன் எந்தத் தொல்லையும் இன்றி வாழ்வோர் உள்ளனர். ஆகவே ஒருவருக்கு மருத்துவம் தேவையா என்பதைத் தளர்வின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை.

தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் போன்று, குத்துக்காலிட்டும் குனிந்தும் செய்யும் வேளாண் வேலைகளும் கபடி விளையாட்டும் மிகுந்த பகுதிகளில் இது அன்றாட வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது ஆகும்.

பெயர் வழக்கு

பேச்சு வழக்கில் முழங்கால், முட்டி என்றும் முட்டு என்றும் வழங்கப்படுகிறது. எலும்பையும் எலும்பையும் இணைக்கும் உறுதியான நார்த்திசுவே, லிகமெண்ட் எனப்படும் தசைநார் ஆகும். தசையை எலும்புடன் இணைப்பது தசைநாண் ஆகும்.

பொதுமக்கள் வழக்கில் "ஜவ்வு" என்ற ஒரே சொல் தசைநாரையும், பிறைக் குருத்தெலும்பையும், சில வேளைகளில் எலும்பு முனையைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பையும் குறிக்கிறது. "ஜவ்வு கிழிந்துவிட்டது", "ஜவ்வு தேய்ந்துவிட்டது" ஆகிய இரண்டும் வெவ்வேறு திசுக்களைப் பற்றியவையாக இருக்கலாம். இவற்றின் மருத்துவமும் வேறுபடும் என்பதால், எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

மூட்டின் அமைப்பு

முழங்கால் மூட்டில் தொடையெலும்பு, கீழ்க்காலின் முன்னெலும்பு, முழங்காற்சில்லு ஆகிய மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. இடுப்பு மூட்டில் பந்து போன்ற எலும்புமுனை ஆழமான கிண்ணத்துக்குள் பொருந்தியிருப்பதால் எலும்பின் வடிவமே மூட்டுக்கு உறுதி தருகிறது. முழங்காலில் அத்தகைய கிண்ணம் இல்லை. உருண்டையான இரண்டு தொடையெலும்பு முனைகள், ஏறத்தாழத் தட்டையான முன்னெலும்பின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கின்றன. எனவே முழங்காலின் உறுதி பெரும்பாலும் மென்திசுக்களையே சார்ந்துள்ளது.

முதன்மையான மென்திசுக்கள் பின்வருமாறு:

- முன்புறச் சிலுவைத் தசைநார்: மருத்துவர்கள் இதனை ஏ.சி.எல். எனச் சுருக்கமாக அழைப்பர். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.
- பின்புறச் சிலுவைத் தசைநார்: கீழ்க்கால் எலும்பு பின்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.
- உட்பக்கத் தசைநார்: முழங்காலின் உட்பக்கம் பிளந்து திறக்காமல் காக்கிறது.
- வெளிப்பக்கத் தசைநார்: முழங்காலின் வெளிப்பக்கம் திறக்காமல் காக்கிறது.
- பிறைக் குருத்தெலும்புகள்: மெனிஸ்கஸ் எனப்படும் இவை பிறை நிலவின் வடிவில் உள்ளும் புறமுமாக இரண்டு உள்ளன. எடையைப் பரப்பித் தாங்குவதுடன், உருண்டையான எலும்புக்கு அடைப்பு வைத்தாற்போல் நின்று வழுக்கலையும் குறைக்கின்றன.
- மூட்டுறை: மூட்டு முழுவதையும் சுற்றியுள்ள உறை. இதன் பின்பகுதி, கால் அளவுக்கு மீறிப் பின்னோக்கி வளைவதைத் தடுக்கிறது.

இயல்பான தளர்வும் மூட்டு அசைவும்

முழங்கால் கதவுக்கீல் போன்றது என்று பள்ளிப் பாடங்களில் கூறப்படுவதுண்டு. இது ஓரளவே உண்மை. கீல் ஓர் அச்சில் மட்டுமே சுழலும். முழங்காலோ மடங்கி நீள்வதுடன், நெடுக்கச்சில் சுழலவும், பக்கவாட்டில் சிறிதளவு திறக்கவும், முன்பின்னாகச் சில மில்லிமீட்டர் நழுவவும் வல்லது. இந்தக் கூடுதல் அசைவுகளுக்கு இடந்தருவது மென்திசுக்களின் தளர்வே ஆகும்.

இத்தளர்வு எல்லாக் கோணங்களிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கால் முழுவதும் நீட்டப்பட்டிருக்கும்போது பக்கத் தசைநார்களும் பின்புற மூட்டுறையும் இறுகிவிடுவதால் கீழ்க்காலைத் திருப்ப ஏறக்குறைய இயலாது. முழங்கால் 90 பாகை மடங்கிய நிலையில், கீழ்க்காலை உட்புறமாக ஏறத்தாழ 30 பாகையும் வெளிப்புறமாக ஏறத்தாழ 40 பாகையும் திருப்பலாம். நாற்காலியில் அமர்ந்து பாதத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தால் இவ்வேறுபாட்டை எவரும் உணரலாம்.

ஒவ்வொரு மடக்குக் கோணத்திலும் மூட்டு எதிர்ப்பின்றி அசையக்கூடிய எல்லைகளை ஒன்றாகத் தொகுத்தால் கிடைப்பதை உயிர் இயந்திரவியலாளர்கள் அசைவு உறை என்பர். உறைக்குள் சிறு விசையே மூட்டை அசைக்கப் போதுமானது. உறையின் எல்லையை அடைந்ததும் தசைநார்கள் இறுகி, மேலும் அசைக்கப் பெரிய விசை தேவைப்படுகிறது. தளர்வு மிகுதல் என்பது, இவ்வுறை ஏதேனும் ஒரு திசையில் அகன்றுவிடுவது ஆகும்.

திருகுப் பூட்டு

காலை நீட்டும்போது, கடைசி 20 பாகை அளவில், கீழ்க்கால் எலும்பு தானாகவே வெளிப்புறமாகச் சிறிது திரும்புகிறது. இதனால் தசைநார்கள் முறுக்கேறி மூட்டு பூட்டப்பட்டதுபோல் உறுதி பெறுகிறது. தசைகளுக்கு அதிக வேலையின்றி நீண்ட நேரம் நிற்க இது உதவுகிறது. மீண்டும் மடக்கத் தொடங்கும்போது, முழங்காலின் பின்புறமுள்ள சிறிய தசையொன்று சாவி போலச் செயற்பட்டு இப்பூட்டைத் திறக்கிறது. முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்த முழங்கால்களில் இந்தச் சுழற்சியின் ஒழுங்கு மாறிவிடுகிறது.

சம்மணமும் குத்துக்காலும்

நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கினால் போதும். குத்துக்காலிட்டு அமர 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அவ்வளவு ஆழமாக மடங்கும்போது தொடையெலும்பின் வெளிப்பக்க முனை வெகுவாகப் பின்னோக்கிச் சென்று, கீழ்க்கால் உட்புறமாகத் திரும்புகிறது. மடக்கிய நிலையில் வெளிப்பக்கம் தளர்ந்திருப்பதாலேயே இது நிகழ்கிறது.

ஜப்பானில் இயல்பான முழங்கால்களை எம்.ஆர்.ஐ. படக்கருவியால் ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 90 பாகை மடங்கிய முழங்காலைப் பக்கவாட்டில் விசையிட்டுத் திறந்தபோது உட்பக்க இடைவெளி சராசரியாக 2.1 மில்லிமீட்டராகவும் வெளிப்பக்க இடைவெளி 6.7 மில்லிமீட்டராகவும் இருந்தன. நலமான முழங்காலும் இரு பக்கமும் சமமாக இறுகியிருப்பதில்லை என்பதை இது காட்டுகிறது. சம்மணமிட்டு அமரும்போது வெளிப்பக்கம் சற்றே திறப்பதும் இத்தளர்வினால்தான்.

தசைநார்களின் பணிப்பங்கீடு

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பட்லர், நோயஸ், குரூட் ஆகிய ஆய்வாளர்கள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையில் அடிப்படையானவை. கொடையாகப் பெறப்பட்ட உடல்களின் முழங்கால்களில் தசைநார்களை ஒவ்வொன்றாக வெட்டி, எந்தத் தசைநார் எவ்வளவு விசையைத் தாங்கியது என்று அவர்கள் கணித்தனர். அவர்களின் கண்டறிதல்களுள் சில:

- முன்னோக்கி நழுவுவதற்கு எதிரான விசையில் ஏறத்தாழ 86 விழுக்காட்டை முன்புறச் சிலுவைத் தசைநார் தருகிறது.
- பின்னோக்கி நழுவுவதற்கு எதிரான விசையில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைப் பின்புறச் சிலுவைத் தசைநார் தருகிறது.
- உட்பக்கம் திறப்பதற்கு எதிரான விசையில் உட்பக்கத் தசைநாரின் பங்கு 5 பாகை மடக்கத்தில் 57 விழுக்காடு. 25 பாகையில் 78 விழுக்காடு.
- வெளிப்பக்கம் திறப்பதற்கு எதிரான விசையில் வெளிப்பக்கத் தசைநாரின் பங்கு 5 பாகையில் 55 விழுக்காடு. 25 பாகையில் 69 விழுக்காடு.

ஒவ்வொரு திசைக்கும் ஒரு முதன்மைத் தடுப்பும் சில துணைத் தடுப்புகளும் உள்ளன என்பதே இதன் பொருள் ஆகும். முதன்மைத் தடுப்பு அறுந்தால் அதன் சுமை துணைத் தடுப்புகள் மீது விழுகிறது. முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தவரின் உட்பக்கப் பிறைக் குருத்தெலும்பு பின்னர் கிழிவதற்கு இதுவே முக்கியக் காரணம். முதலில் கிழிந்தது ஒன்று. கவனிக்காமல் விடுவதால் கிழிவது மற்றொன்று.

தசைகளின் பங்கு

தசைநார்கள் தாமாகச் சுருங்குவதில்லை. தசைகளோ தேவைக்கேற்ப இறுகவும் தளரவும் வல்லவை. தொடையின் முன்புறமுள்ள நாற்றலைத் தசை, கால் ஏறத்தாழ நீண்ட நிலையில் சுருங்கும்போது கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கிறது. தொடையின் பின்புறத் தசைகள் அதனைப் பின்னோக்கி இழுத்து, முன்புறச் சிலுவைத் தசைநாருக்குத் துணை நிற்கின்றன. உடல் எடை மூட்டின்மீது இறங்கும்போது எலும்புகள் ஒன்றையொன்று அழுத்துவதாலும் தளர்வு குறைகிறது. படுத்த நிலையில் தளர்வாகத் தெரியும் முழங்கால், நேராக நடக்கையில் உறுதியாக இருப்பது இவ்விரு காரணங்களால் ஆகும்.

தசைநார்களில் உணர்நரம்பு முனைகளும் உள்ளன. மூட்டு எந்த நிலையில் உள்ளது என்பதை அவை தண்டுவடத்துக்கும் மூளைக்கும் அறிவிக்கின்றன. தசைநார் அறுந்தால் கயிறு அறுவதுடன் இந்தச் செய்தித் தொடர்பும் குறைகிறது. தசை வலிமையுடன் சமநிலைப் பயிற்சியும் அளிக்கப்படுவதன் காரணம் இதுவே.

தளர்வு மிகுவதற்கான காரணங்கள்

காயம்: பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் திடீரெனத் திரும்புவதாலும், தாவி இறங்கும்போது முழங்கால் உட்புறமாகச் சாய்வதாலும் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுகிறது. பல வேளைகளில் இதற்குப் பிறர் மோத வேண்டிய தேவையே இல்லை. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் பல மடங்கு மிகுதியாக ஏற்படுகிறது.

பிறவி இயல்பு: சிலருக்கு உடல் முழுவதும் மூட்டுகள் இளகியிருக்கும். தசைநார்களின் முதன்மைப் புரதமான கொலாஜன், அதனைச் சார்ந்த பிற புரதங்கள் ஆகியவற்றின் தன்மை இதற்குக் காரணமாகலாம். இவர்களுட் பெரும்பாலோர் நலமாகவே உள்ளனர்.

இளம்பிள்ளைவாதம்: நாற்றலைத் தசை செயலிழந்தவர்கள், கால் மடங்கி விழாதிருக்க முழங்காலைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டியும், தொடையைக் கையால் அழுத்தியும் நடப்பர். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நடப்பதால் பின்புற மூட்டுறை நீண்டு, முழங்கால் பின்னோக்கி வளைகிறது. இந்தியாவில் இயற்கைப் போலியோ நச்சுயிரியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011ஆம் ஆண்டு சனவரியில் ஆகும். எனினும் முன்னர் பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

மூட்டுத் தேய்மானம்: குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இடைவெளி குறையும்போது, அதே நீளமுள்ள தசைநார் தொய்ந்துவிடுகிறது. கால் வில்போல் வளைந்தவர்களில் உட்பக்கம் தேய்ந்து வெளிப்பக்கத் திசுக்கள் நாளடைவில் நீள்கின்றன. ஆகவே தளர்வு தேய்மானத்துக்குக் காரணமாகவும் விளைவாகவும் அமையலாம்.

உடலுழைப்பு: நீண்ட நேர ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் பின்னர் முழங்கால் தளர்வு தற்காலிகமாகச் சற்று மிகுகிறது. ஓய்வுக்குப் பின் அது இயல்புக்குத் திரும்புகிறது.

அசைவில் ஏற்படும் மாற்றங்கள்

முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தவர் நேரான சாலையில் இயல்பாக நடப்பார்; மிதிவண்டியும் ஓட்டுவார். திடீரெனத் திரும்பும்போது மட்டும் கீழ்க்கால் எலும்பின் வெளிப்பக்கம் முன்னோக்கி நழுவி, முழங்கால் மடங்கும்போது "டக்" என்று மீண்டும் தன் இடத்தில் வந்து அமரும். இந்த நழுவலே முழங்கால் விலகுவதாக உணரப்படுகிறது.

பின்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தவருக்கு மாடிப்படி இறங்குதலும் சரிவில் இறங்குதலும் கடினமாகும். பக்கத் தசைநார்கள் தளர்ந்தவரின் முழங்கால், எடை தாங்கும் ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டில் துள்ளுவதைக் காணலாம்.

தொடர்பு இடம் மாறுவதும் கேடு தருகிறது. நாள்தோறும் எடை தாங்கிப் பழகிய குருத்தெலும்புப் பகுதி ஓய்வு பெற, பழகாத பகுதி சுமையைப் பெறுகிறது. இளம் வயதில் தசைநார் அறுந்தவர்களுக்கு நடுத்தர வயதிலேயே தேய்மானம் தோன்றும் வாய்ப்பு உயர்வதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அளவிடும் முறைகள்

தளர்வை அளப்பதில் முதன்மையான விதி, இரு முழங்கால்களையும் ஒப்பிடுவது ஆகும். ஒருவரின் இயல்பு மற்றொருவருக்குப் பொருந்தாது; ஆனால் அவரது நலமான கால் அவருக்கு நல்ல அளவுகோல்.

- லாக்மன் சோதனை: முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கி, கீழ்க்காலை முன்னோக்கி இழுத்துப் பார்ப்பது. இழுவையின் முடிவில் கயிறு இறுகுவதுபோன்ற உறுதியான நிறுத்தம் உள்ளதா என்பதும் கவனிக்கப்படும்.
- இழுப்பறைச் சோதனை: மேசையின் இழுப்பறையை இழுப்பதுபோல், 90 பாகை மடங்கிய கீழ்க்காலை முன்னும் பின்னும் நகர்த்துவது.
- திருப்பு நழுவல் சோதனை: நடையில் ஏற்படும் நழுவலைப் படுக்கையில் மீண்டும் நிகழ்த்திக் காண்பது. நோயாளியின் நிலையின்மை உணர்வோடு நெருங்கிய தொடர்புடையது.
- பெய்ட்டன் மதிப்பீடு: உடல் முழுவதுமுள்ள மூட்டு இளக்கத்தை 9 புள்ளிகளில் மதிப்பிடுவது. முழங்கால் 10 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைந்தால் ஒவ்வொரு காலுக்கும் ஒரு புள்ளி.
- அளவுக் கருவிகள்: கே.டி. 1000 போன்ற கருவிகள் முன்னோக்கிய நழுவலை மில்லிமீட்டரில் காட்டும். இரு கால்களுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வேறுபாடு இருந்தால் தசைநார்க் கிழிவு ஐயுறப்படும்.

சாதாரண எக்ஸ்-கதிர் படத்தில் எலும்பு மட்டுமே தெளிவாகத் தெரியும், தசைநார் தெரியாது. எலும்பு முறியவில்லை என்று படம் காட்டினால் முழங்காலில் காயமே இல்லை என்று பொருள்கொள்வது தவறு ஆகும். தசைநாரையும் பிறைக் குருத்தெலும்பையும் காண எம்.ஆர்.ஐ. படம் தேவை. எனினும் அனுபவமுள்ள மருத்துவர் கைகளாலேயே பெரும்பாலான கிழிவுகளைக் கண்டறிந்துவிடுவார்.

வரலாறு

சிலுவைத் தசைநார்களைப் பற்றிய குறிப்புகள் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் காலனின் எழுத்துகளில் உள்ளன. செருமனியைச் சேர்ந்த வெபர் உடன்பிறப்புகள் 1836ஆம் ஆண்டில் மனித நடையின் இயக்கவியல் குறித்து வெளியிட்ட நூலில், சிலுவைத் தசைநார்கள் வெட்டப்பட்டால் கீழ்க்கால் எலும்பு இயல்புக்கு மாறாக நகர்வதைப் பதிவு செய்தனர். பிரெஞ்சு மருத்துவர் பால் செகோன், முழங்காலின் வெளிப்பக்கத்தில் தசைநார் எலும்புத் துணுக்கைப் பெயர்த்தெடுக்கும் முறிவை 1879இல் விளக்கினார்.

அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைக்கும் அறுவையை இங்கிலாந்தின் மேயோ ராப்சன் 1895இல் செய்தார். 1917இல் ஹே குரோவ்ஸ், தொடையின் உறைத்திசுவைக் கொண்டு புதிய தசைநார் அமைக்கும் முறையை வெளியிட்டார். திருப்பு நழுவல் சோதனையைக் கனடாவின் கால்வே, மெக்கின்டாஷ் ஆகியோர் 1972இல் விளக்கினர். லாக்மன் சோதனையை, தம் ஆசிரியரின் பெயரால் ஜோசப் டோர்க் 1976இல் வெளியிட்டார். 1980களிலிருந்து, சிறு துளைகளின் வழியே செய்யும் மூட்டு உள்நோக்கி அறுவை பரவலாயிற்று.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு மருத்துவ நிலையம் இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். இதன் வளர்ச்சிக்கு அடித்தளமிட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவாறே பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியன பெரம்பலூர்ப் பகுதியின் முக்கியப் பயிர்கள். அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது; ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை ஆகிய பகுதிகளில் முந்திரி விளைகிறது; திருமானூர்ப் பகுதியில் கொள்ளிடக் கரையோரம் நெல் விளைகிறது.

இவ்வேலைகள் முழங்காலுக்கு வெவ்வேறு சுமைகளைத் தருகின்றன. சின்ன வெங்காயம் நடுவதும் பறிப்பதும் தாள் அரிவதும், களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் மணிக்கணக்கில் குத்துக்காலிட்டுச் செய்யும் வேலைகள் ஆகும். நாள்தோறும் நெடுநேரம் குத்துக்காலிட்டோ மண்டியிட்டோ வேலை செய்வோரிடம் மூட்டுத் தேய்மானம் மிகுதியாக உள்ளதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மழைக்காலக் கரிசல் மண்ணிலும் நெல்வயல் சேற்றிலும் பாதம் புதைந்திருக்க, தலைச்சுமையுடன் உடல் திரும்பினால் முழங்கால் முறுக்கப்படுகிறது. மூட்டை தூக்குவோருக்கு வழுக்கி விழும் இடர் உண்டு.

கபடி தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டி ஆடப்படுகிறது. பாடிச் செல்பவர் ஒற்றைக்காலை ஊன்றித் திரும்பும் கணத்தில், பிடிப்பவர் அந்தக் காலையே பற்றி இழுப்பது ஆட்டத்தின் இயல்பு. பாதம் நிலைத்து நிற்க முழங்கால் உட்சாய்ந்து திரும்பும் இந்நிலை, முன்புறச் சிலுவைத் தசைநார் அறுவதற்கு மிகவும் ஏற்ற நிலையாகும். சல்லிக்கட்டில் மாட்டின் திமிலைப் பற்றியவர் நிலைகுலைந்து இறங்கும்போதும் இவ்வாறு நேரலாம்.

இத்தகைய காயத்தின் போக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகிறது. விழும்போது "டப்" என்ற ஒலி உணரப்படுகிறது. சில மணி நேரத்துக்குள் மூட்டுக்குள் குருதி கசிந்து முழங்கால் வீங்குகிறது. எக்ஸ்-கதிர் படத்தில் எலும்பு முறிவு தெரிவதில்லை. சுளுக்கு என்று கருதி நீவுவதும் கட்டுப்போடுவதும் நடக்கின்றன. சில வாரங்களில் வீக்கம் வடிந்து வலி குறைகிறது, நடக்க முடிகிறது, குணமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் வடிந்தது வீக்கம் மட்டுமே. தளர்வு அப்படியே உள்ளது. அடுத்த ஆட்டத்திலோ வரப்பில் திரும்பும்போதோ முழங்கால் மீண்டும் விலகுகிறது. ஒவ்வொரு விலகலும் பிறைக் குருத்தெலும்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கலாம். கிழிந்த துண்டு இடையில் சிக்கிக் கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளும்போதே பலர் மீண்டும் மருத்துவரை நாடுகின்றனர். கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்தத் தாமதத்தின் விலை பெரிது.

பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சேவை தேவைப்பட்டோர் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ செல்ல வேண்டியிருந்தது. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை அடங்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட இயலாதோருக்கு வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் அளிக்கப்படுகிறது.

மருத்துவம்

முதலுதவி: ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், மிதமான அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியன போதுமானவை. புதிய காயத்தில் காலை இழுத்துச் சுளுக்கு எடுப்பது கிழிவைப் பெரிதாக்கலாம். முழங்கால் முற்றிலும் இடம்பெயர்ந்திருந்தாலோ, பாதம் குளிர்ந்து வெளிறியிருந்தாலோ, பாதத்தில் உணர்ச்சி குறைந்தாலோ முழங்காலுக்குப் பின்னுள்ள தமனி சேதமடைந்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் குருதியோட்டம் மீட்கப்படாவிட்டால் காலையே இழக்க நேரும் என்பதால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயிற்சி: உட்பக்கத் தசைநார்க் கிழிவு பெரும்பாலும் அறுவையின்றியே ஆறிவிடுகிறது. முன்புறச் சிலுவைத் தசைநார் முற்றிலும் அறுந்தால் பழைய உறுதியுடன் தானே ஆறுவது அரிது. எனினும் எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. சுவீடனில் 121 இளம் வயதினரிடம் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே அறுவை செய்துகொண்டவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை செய்துகொண்டவர்களும் இரண்டு ஆண்டுகளின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு நலம் பெற்றிருந்தனர். பயிற்சிக் குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இரண்டு ஆண்டுகளில் அறுவையின்றியே இருந்தனர். தொடை முன்தசை, பின்தசைப் பயிற்சிகளும், ஒற்றைக்காலில் நிற்றல் போன்ற சமநிலைப் பயிற்சிகளும் இதில் அடங்கும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மாதக்கணக்கில் விடாமல் செய்வதே தேவை.

தசைநார் மறுசீரமைப்பு: பயிற்சிக்குப் பின்னும் முழங்கால் விலகுவோருக்கும், திடீர்த் திருப்பங்கள் நிறைந்த விளையாட்டுக்குத் திரும்ப விரும்புவோருக்கும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. நோயாளியின் சொந்தத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவது வழக்கம். ஒட்டுத்திசு எலும்புடன் இணைந்து வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். ஆகவே 9 மாதங்களுக்கு முன் ஆட்டக்களம் திரும்புவது மீண்டும் அறுவதற்கான வாய்ப்பை உயர்த்துகிறது.

மூட்டு மாற்று அறுவை: முற்றிய தேய்மானத்துக்குச் செயற்கை மூட்டு பொருத்தும்போது, எலும்பைச் சரியாக அறுப்பதுடன் மென்திசுக்களின் தளர்வைச் சமன் செய்வதும் அறுவையின் வெற்றியைத் தீர்மானிக்கிறது. மடக்கிய நிலையிலும் நீட்டிய நிலையிலும் இரு பக்க இடைவெளிகள் பொருந்தி அமைய வேண்டும். மிகவும் இறுகினால் கால் மடங்காது. மிகவும் தளர்ந்தால் மூட்டு ஆடி விரைவில் பழுதடையும்.

தடுப்பு: விளையாட்டுக்கு முன் உடலைச் சூடேற்றுதல், தாவி இறங்கும்போது முழங்கால் உட்சாயாமல் பழகுதல், தொடைப் பின்தசைகளை வலுப்படுத்துதல் ஆகியன தசைநார்க் காயங்களைக் குறைக்கின்றன. வயல் வேலையில் தாழ்ந்த மணையில் அமர்வதும், இடையிடையே எழுந்து காலை நீட்டுவதும் மூட்டின் சுமையைக் குறைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- முழங்கால்
- தசைநார்
- தசைநாண்
- குருத்தெலும்பு
- மூட்டுத் தேய்மானம்
- இயன்முறை மருத்துவம்
- கபடி
- பெரம்பலூர் மாவட்டம்
- அரியலூர் மாவட்டம்